ஃபைனல் டிக்கெட்டுக்கு ஏன் இந்த அடிதடி?

வாசகர் கேள்வி - பதில்

டென்னிஸ் டோர்னமென்ட்டை நேர்ல பாக்கப் போறது பத்தி கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்ததுல பாதிக்கு மேல "ஃபைனலுக்கு டிக்கெட் எப்படி வாங்குறது?"ங்கிற ஒரே கேள்விதான், அதனால அதையே முதல்ல எடுத்துக்கிட்டோம்.

கேள்வி: வாழ்க்கையில ஒரு தடவையாவது கிராண்ட் ஸ்லாம் ஃபைனலை நேர்ல பாத்துடணும் சார். ஒரே ஒரு நாள் போதும். எந்த ஸ்லாமுக்குப் போகலாம், எப்ப பிளான் பண்ண ஆரம்பிக்கணும்?

பதில்: நாலு கிராண்ட் ஸ்லாமோட (டென்னிஸ்லயே பெரிய நாலு போட்டி) காலண்டர் உங்களுக்குத் தெரிஞ்சதுதான். ஜனவரில மெல்போர்ன் (ஆஸ்திரேலியன் ஓபன்), மே கடைசில பாரிஸ் (ஃபிரெஞ்ச் ஓபன், அதையே ரோலண் காரோஸ்னும் சொல்லுவாங்க), ஜூன் கடைசி ஜூலைல லண்டன்ல விம்பிள்டன், ஆகஸ்ட் கடைசில நியூயார்க் (யூஎஸ் ஓபன்). எதுக்குப் போனாலும் ஆறேழு மாசம் முன்னாடியே வேலையை ஆரம்பிச்சிடணும். ஆனா அந்த "ஒரே ஒரு நாள், அதுவும் ஃபைனல்"ங்கிறதுல எனக்குக் கொஞ்சம் சண்டை இருக்கு, கோச்சுக்காம கேளுங்க.

2025 விம்பிள்டன் பெண்கள் ஃபைனல் ஞாபகம் இருக்கா? ஸ்வியான்டெக் 6-0, 6-0ன்னு அனிசிமோவாவை ஜெயிச்சாங்க, மொத்தமே 57 நிமிஷம். அதே வருஷம் ஆஸ்திரேலியன் ஓபன் செமிஃபைனல்ல ஜோகோவிச் முதல் செட் தோத்த கையோட காயம்னு ஸ்வெரெவுக்குக் கை கொடுத்துட்டு கிளம்பிட்டார். 2022 விம்பிள்டன்ல இன்னும் மோசம், நடாலுக்கு வயித்துத் தசை கிழிஞ்சு செமிஃபைனலுக்கு முந்தின நாளே விலகிட்டார், கிர்கியோஸ் பந்தையே தொடாம ஃபைனலுக்குப் போயிட்டார். டிக்கெட் வச்சிருந்தவங்களுக்கு அந்த மேட்ச்சே இல்ல, இந்த மாதிரி பிளேயர் விலகினதுக்கெல்லாம் பணம் திரும்பி வராது. ஃபைனல் நல்லா அமைஞ்சா அதுக்கு ஈடே இல்லதான், 2019 விம்பிள்டன் ஃபைனல் மாதிரி 4 மணி 57 நிமிஷம் ஓடினா ஜென்மம் சாபல்யம். ஆனா அது உங்க கையிலயும் இல்ல, டிக்கெட் விக்கிறவங்க கையிலயும் இல்ல.

இப்ப முதல் வாரத்தைப் பாருங்க. சிங்கிள்ஸ் டிராவுல (யார் யாரோட மோதணும்ங்கிற பட்டியல்) ஆண்கள் 128 பேர், பெண்கள் 128 பேர். அப்போ முதல் ரவுண்டுல மட்டும் 64ம் 64ம் சேர்த்து 128 மேட்ச். விம்பிள்டன்ல இதை ரெண்டே நாள்ல, திங்களும் செவ்வாயும் முடிக்கிறாங்க (மத்த மூணு ஸ்லாமும் இப்ப ஞாயித்துக்கிழமையே ஆரம்பிச்சு மூணு நாள்ல பரப்பிடுறாங்க). ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 64 சிங்கிள்ஸ் மேட்ச் ஒரே வளாகத்துக்குள்ள நடக்குது, ஒரு கோர்ட்டுல போரடிச்சா எழுந்து அடுத்த கோர்ட்டுக்கு நடந்து போயிடலாம். பெரிய ஸ்டேடியத்துல கடைசி வரிசையில உக்காந்தா பிளேயர் முகம் பெரிய ஸ்கிரீன்லதான் தெரியும். வெளி கோர்ட்டுல, அதாவது பெரிய ஸ்டேடியத்துக்கு வெளிய இருக்கிற சின்னக் கோர்ட்டுல, வேலி ஓரமா நின்னீங்கன்னா சர்வ் போடுறப்ப அவங்க மூச்சு விடுறதே கேக்கும், உலக ரேங்க்கிங்ல 40ஆவது இடத்துல இருக்கிறவர் அடிக்கிற அடியைப் பக்கத்துல பாத்தாத்தான் டிவில நாம பாக்குறது எவ்வளவு மெதுவாத் தெரியுதுன்னு புரியும்.

வெளி கோர்ட்டுல என்ன பெருசா நடந்துடப் போகுதுன்னு கேப்பீங்க. 2010 விம்பிள்டன்ல இஸ்னரும் மஹூவும் 11 மணி 5 நிமிஷம், மூணு நாள் ஆடி, கடைசி செட் 70-68ன்னு முடிஞ்சுச்சே, அது நடந்தது சென்டர் கோர்ட்டுல இல்ல, 18ஆம் நம்பர் கோர்ட்டுல. 782 பேர்தான் உக்கார முடியும். இப்ப நாலு ஸ்லாம்லயும் கடைசி செட்டுல 6-6 ஆனா 10 பாயின்ட் டைபிரேக் (செட்டை முடிச்சு வைக்கிற ஒரு கடைசி கேம்) வச்சுட்டாங்க, 2022ல இருந்து. அதனால அந்த ரெக்கார்டை இனிமே யாரும் தொடப் போறதில்ல.

என் சிபாரிசு இதுதான், முதல் வாரத்துல அடுத்தடுத்து ரெண்டு நாள் எடுத்துக்குங்க, அதுல ஒரு நாளாவது கிரவுண்ட் பாஸ்ல (பெரிய ஸ்டேடியம் தவிர வெளி கோர்ட்டுக்கெல்லாம் போக விடுற டிக்கெட்) போங்க. பாக்கி பணம் மிஞ்சினா ரெண்டாவது வாரத்துல ஒரு காலிறுதி நாள். ஃபைனலை வீட்டுல பாத்துக்கலாம், அதுக்குத்தான் டிவி இருக்கு.

கேள்வி: என் பொண்ணு அல்கராஸோட தீவிர ரசிகை. அவர் ஆடுற நாளாப் பாத்து டிக்கெட் வாங்கணும்னு அடம். அதை முன்கூட்டியே தெரிஞ்சுக்க வழி இருக்கா?

பதில்: நேரடியா இல்லம்மா, ஆனா கணக்குப் போடலாம். டிரா வர்றதே டோர்னமென்ட் ஆரம்பிக்க ரெண்டு மூணு நாள் முன்னாடிதான், எந்த கோர்ட் எத்தனாவது மேட்ச்ங்கிற ஆர்டர் ஆஃப் பிளே முந்தின நாள் சாயந்திரம்தான் வரும். நீங்க டிக்கெட் வாங்குறது அதுக்கெல்லாம் பல மாசம் முன்னாடி. ஆனா டிராவுல மேல் பாதி ஒரு நாள் ஆடினா கீழ் பாதி அடுத்த நாள் ஆடும். அதனாலதான் அடுத்தடுத்து ரெண்டு நாள்னு மேல சொன்னேன், ரெண்டாவது ரவுண்டு நடக்குற ரெண்டு நாளுக்கும் டிக்கெட் இருந்தா, அவர் முதல் ரவுண்டுல தோக்காம இருந்தா, ஏதோ ஒரு நாள் கண்டிப்பா ஆடுவார். எந்த கோர்ட்டுலங்கிறது வேற விஷயம். அவர் மாதிரி ஆளைப் பெரும்பாலும் பெரிய ஸ்டேடியத்துலதான் போடுவாங்க, அதுக்குத் தனி டிக்கெட் வேணும், கிரவுண்ட் பாஸ் உள்ள விடாது.

இதுல ஒரு பெரிய குழி இருக்கு. இண்டியன் வெல்ஸ், மயாமி, மாட்ரிட், ரோம் மாதிரி 96 பேர் ஆடுற மாஸ்டர்ஸ் 1000 (ஸ்லாமுக்கு அடுத்த நிலை) டோர்னமென்ட்டுக்குப் போனா, சீட் பண்ண, அதாவது ரேங்க்கிங்படி முன்னாடி வைக்கிற 32 பேருக்கும் முதல் ரவுண்டு பை, அவங்க ஆடாமலே ரெண்டாவது ரவுண்டுக்குப் போயிடுவாங்க. அதாவது முதல் ரெண்டு நாள் டிக்கெட் வாங்கினவங்க டாப் பிளேயர் ஒருத்தரையும் மேட்ச்சுல பாக்க முடியாது! நாள் குறைவு, டிக்கெட் ஈஸியா கிடைக்குதுன்னு வாங்கிட்டுப் போய் நின்னு முழிக்கிறவங்க ஏகப்பட்ட பேர்.

அதுக்கு மாத்து வழி பிராக்டிஸ் கோர்ட். பொண்ணுகிட்ட சொல்லுங்க, மேட்ச்ல பாக்குறதை விட அங்க ரொம்பப் பக்கத்துல பாக்கலாம். யார் எந்த கோர்ட்டுல எத்தனை மணிக்கு பிராக்டிஸ்னு நிறைய டோர்னமென்ட்ல அன்னன்னைக்கு ஆப்லயோ போர்டுலயோ போடுறாங்க. இண்டியன் வெல்ஸ் இதுக்கே பேர் போன இடம். கோச் கூட சிரிச்சுப் பேசிக்கிட்டு, ஒரே ஷாட்டை முப்பது தடவை அடிச்சு, சரியா வரலன்னா மூஞ்சி சுளிக்கிறதெல்லாம் டிவில வராது. முடிச்சுட்டுப் போறப்ப ஆட்டோகிராஃபும் கிடைக்கலாம், பெரிய பந்தும் ஒரு தடிமனான மார்க்கர் பேனாவும் கையில இருக்கட்டும்.

டாப் பிளேயரைக் கண்டிப்பா பாத்தே ஆகணும், ரிஸ்க்கே வேணாம்னா வருஷக் கடைசில ஆண்களுக்கு நடக்குற ஏடிபி ஃபைனல்ஸ். எட்டே பேர், ரெண்டு குரூப், ஒரு தடவை தோத்தாலும் வெளிய போக மாட்டாங்க, காயம் படலன்னா ஒவ்வொருத்தருக்கும் குறைஞ்சது மூணு மேட்ச். கூரைக்கு உள்ள நடக்குறதால மழைத் தொல்லையும் கிடையாது. ஆனா ஸ்லாம்ல இருக்கிற அந்தச் சுத்தித் திரியுற சுகம் அங்க இல்ல, ஒரே ஒரு கோர்ட், உங்க சீட், அவ்வளவுதான்.

கேள்வி: விம்பிள்டன்ல ராத்திரி பூரா க்யூவுல படுத்துக் கிடந்தா டிக்கெட் கிடைக்கும்ங்கிறாங்களே, நிஜமா? நான் காலேஜ் ஸ்டூடன்ட், கைல காசு கம்மி.

பதில்: நிஜம்தான் தம்பி. பெரிய விளையாட்டுப் போட்டில அன்னன்னைக்கே போய் வரிசைல நின்னு முன்வரிசை டிக்கெட் வாங்குறது இப்ப இங்க மட்டும்தான்னே சொல்லலாம். சவுத்ஃபீல்ட்ஸ் ஸ்டேஷன்ல இறங்கி விம்பிள்டன் பார்க்குக்கு நடந்தா வரிசையோட வால் தெரியும். போனதும் தேதியும் நம்பரும் போட்ட ஒரு க்யூ கார்டு கொடுப்பாங்க, ஆளுக்கு ஒண்ணு, அதை உயிரைப் போல வச்சுக்க. ஒருத்தர் நின்னு நாலு பேருக்கு இடம் பிடிக்கிறது, கார்டை மாத்திக் கொடுக்குறது எதுவும் நடக்காது. டாய்லெட்டுக்கு, டீக்குன்னு கொஞ்ச நேரம் போயிட்டு வரலாம், ஊர் சுத்தப் போயிட்டு வந்தா இடம் போச்சு. டென்ட் போடலாம், ஆனா ரெண்டு பேர் படுக்குற சைஸ்தான் அதிகபட்சம். விடியக்காலைலயே எழுப்பி விட்டு டென்ட்டைச் சுருட்டச் சொல்லிடுவாங்க, அதை வைக்கிறதுக்குத் தனி இடம் இருக்கு, உள்ள தூக்கிட்டுப் போக வேண்டாம்.

சென்டர் கோர்ட், நம்பர் 1, நம்பர் 2 ஒவ்வொண்ணுக்கும் சுமார் 500 டிக்கெட் க்யூவுல வர்றவங்களுக்குன்னே வச்சிருப்பாங்க. கடைசி நாலு நாள் சென்டர் கோர்ட்டுக்கு மட்டும் க்யூ டிக்கெட் கிடையாது. அந்த 500க்குள்ள வரணும்னாதான் ராத்திரி படுக்கணும், கிரவுண்ட் பாஸ் போதும்னா விடிகாலைல போனாலே பெரும்பாலும் கிடைச்சிடும், நீ அதுக்கே போ. வெளி கோர்ட்டுல 11 மணிக்கே ஆட்டம் ஆரம்பிச்சிடும், சென்டர் கோர்ட்டுல 1.30க்குத்தான். சாயந்திரம் ஆனா பெரிய கோர்ட்டுல இருந்து கிளம்புறவங்க விட்டுட்டுப் போற டிக்கெட்டை மறுபடி விப்பாங்க, ரொம்பக் கம்மி விலை, அந்தப் பணம் தர்ம காரியத்துக்குப் போகுது. காலைல வெளி கோர்ட், சாயந்திரம் சென்டர் கோர்ட்னு ஒரே நாள்ல ரெண்டையும் பாத்துடலாம், அதிர்ஷ்டம் இருந்தா.

இதை விட்டா பேலட் இருக்கு, அதாவது குலுக்கல். முந்தின வருஷமே பதிவு பண்ணணும், நாளையும் கோர்ட்டையும் நாம தேர்ந்தெடுக்க முடியாது, விழுந்தா விழுந்ததுதான். பதிவு பண்ணி வச்சுட்டு மறந்துடு, வந்தா லாபம்.

கேள்வி: நைட் செஷன் நல்லாருக்குமா, டே செஷன் நல்லாருக்குமா?

பதில்: வாங்குறதுக்கு முன்னாடி எத்தனை மேட்ச்னு பாருங்க. ரோலண் காரோஸ்ல 2021ல கொண்டு வந்த நைட் செஷன்ல ஒரே ஒரு மேட்ச்தான், அது ஒருதலைப்பட்சமா போச்சுன்னா ஒன்றரை மணி நேரத்துல எழுந்து வர வேண்டியதுதான். நியூயார்க்ல ஆர்தர் ஆஷ் ஸ்டேடியத்துல நைட் செஷன் 7 மணிக்கு ஆரம்பிச்சு ரெண்டு மேட்ச். அங்க ராத்திரி கூட்டம் போடுற சத்தமே தனி, பாக்க வேண்டியதுதான், ஆனா அது 23,000 பேருக்கு மேல உக்கார்ற ஸ்டேடியம், உலகத்துலயே பெரிய டென்னிஸ் ஸ்டேடியம் அதுதான், மேல் அடுக்குல உக்காந்தா பந்து எறும்பு மாதிரி.

அப்புறம் திரும்பிப் போறது. 2022ல அங்க அல்கராஸ் - சின்னர் காலிறுதி முடிஞ்சப்ப மணி ராத்திரி 2.50. 2023 ஆஸ்திரேலியன் ஓபன்ல முர்ரே - கொக்கினாக்கிஸ் மேட்ச் முடிஞ்சது விடிகாலை 4.05க்கு. 2008ல அதே மெல்போர்ன்ல ஹியூவிட் - பக்தாடிஸ் 4.34 வரைக்கும் ஆடியிருக்காங்க. அதனால மறுநாள் காலைல ஃபிளைட் போட்டுட்டு முந்தின நாள் நைட் செஷன் வாங்காதீங்க, தங்குற இடமும் நடந்தே போற தூரத்துல இல்லன்னா ராத்திரி பூரா ஓடுற ட்ரெயின் பக்கத்துல இருக்கணும். விம்பிள்டன்ல இந்தப் பிரச்சினையே கிடையாது, 11 மணி ஆச்சுன்னா பாதி மேட்ச்சா இருந்தாலும் நிறுத்திட்டு நாளைக்குன்னுடுவாங்க.

கேள்வி: எந்தப் பக்கம் சீட் போடலாம்? விலை ரொம்ப வித்தியாசமா இருக்கு.

பதில்: பேஸ்லைனுக்கு (கோர்ட்டோட கடைசிக் கோடு) பின்னாடி, கொஞ்சம் உயரத்துல. டிவில பாக்குற கோணம் அதுதான், ஆட்டத்தோட வடிவம் புரியும், யார் யாரை எங்க இழுக்குறாங்கன்னு தெரியும். கீழ, பக்கவாட்டுல, முதல் சில வரிசைல உக்காந்தா வேகம் தெரியும், பந்து சுத்துறது தெரியும், ஆனா மூணு மணி நேரம் தலையை இடது வலதுன்னு ஆட்டிக்கிட்டே இருக்கணும். ஒரு நாள்தான்னா எனக்குப் பின்பக்கம், ரெண்டு நாள்னா ரெண்டையும் மாத்தி மாத்தி.

வெயிலைக் கவனிங்க, இதை நிறைய பேர் யோசிக்கிறதே இல்ல. சூரியன் பிளேயர் கண்ணுல படக் கூடாதுன்னு கோர்ட்டைப் பொதுவா வடக்கு - தெற்கா போடுவாங்க. அப்போ பக்கவாட்டு ஸ்டாண்ட் ரெண்டும் கிழக்கு, மேற்கு. மத்தியானத்துக்கு மேல மேற்கு ஸ்டாண்ட்ல இருக்கிறவங்களுக்கு சூரியன் முதுகுக்குப் பின்னாடி போயிடும், நிழல் முதல்ல அங்கதான் விழும். கிழக்குல இருக்கிறவங்க மூஞ்சில சாயந்திரம் வரைக்கும் அடிக்கும். மெல்போர்ன் ஜனவரின்னா இது சும்மா விஷயம் இல்ல, வெயிலுக்காகவே 1ல இருந்து 5 வரைக்கும் ஒரு அளவுகோல் வச்சு 5 வந்தா ஆட்டத்தையே நிறுத்துறாங்க. பிளேயருக்கு நிறுத்துவாங்க, உங்க தொப்பியை நீங்கதான் எடுத்துட்டுப் போகணும். வயசானவங்க கூட வந்தா கூரை இருக்கிற ஸ்டேடியத்துலயே சீட் போடுங்க.

கேள்வி: ஒரு வெப்சைட்ல "விற்றுத் தீர்ந்த" டிக்கெட் தர்றோம்னு சொல்றாங்க. நம்பலாமா?

பதில்: டோர்னமென்ட்டோட சொந்த சைட்ல இருந்து லிங்க் இல்லன்னா வேண்டாம். பாரிஸ்ல டிக்கெட்டுல பேர் இருக்கும், அடையாள அட்டையோட ஒத்துப் பாக்கலாம், திருப்பி விக்கிறதுன்னாலும் அவங்களோட மறுவிற்பனை சேவைலதான். விம்பிள்டன் பேலட் டிக்கெட்டையும் கை மாத்த முடியாது. அந்த அதிகாரப்பூர்வ மறுவிற்பனையைத் தினமும் பாருங்க, டோர்னமென்ட் நெருங்க நெருங்க பிளான் மாறினவங்க டிக்கெட் வந்து விழும், அதுவும் காலைலயும் ராத்திரி லேட்டாவும்.

கேள்வி: பையனுக்கு 12 வயசு, டென்னிஸ் கிளாஸ் போறான். அவனுக்கு உபயோகமா இருக்கிற மாதிரி எந்த நாள் போறது?

பதில்: க்வாலிஃபையிங் வாரம். மெயின் டிரா ஆரம்பிக்கிறதுக்கு முந்தின வாரம் 128 பேர் மூணு ரவுண்டு ஆடி 16 பேர் உள்ள வருவாங்க, ஆண்கள்லயும் பெண்கள்லயும் தனித்தனியா. யூஎஸ் ஓபன்ல அந்த வாரம் வளாகத்துக்குள்ள இலவசமா விடுறாங்க, பெரிய பிளேயர்களும் அதே நேரம் பிராக்டிஸுக்கு வந்திருப்பாங்க. விம்பிள்டன் க்வாலிஃபையிங் மட்டும் அங்க நடக்காது, ரோஹாம்ப்டன்ல, அதைத் தெரியாம மெயின் கேட்டுல போய் நிக்காதீங்க.

க்வாலிஃபையிங்னா இளப்பமா நினைக்க வேணாம். ராடுகானு 2021 யூஎஸ் ஓபன்ல க்வாலிஃபையிங்ல 3, மெயின் டிராவுல 7, மொத்தம் 10 மேட்ச் ஆடி ஒரு செட் கூட விடாம கப் வாங்கினாங்க (அந்த வருஷம் கொரோனாவால க்வாலிஃபையிங்குக்கு ரசிகர்களை விடலங்கிறது தனிச் சோகம்). பையன் அங்க பாக்கப் போறது தோத்தா ஊருக்குப் போகணும்ங்கிற நிலைமைல ஆடுறவங்களை, அவங்க டபுள் ஃபால்ட் (ரெண்டு சர்வையும் தப்பாப் போட்டு பாயின்ட்டை விடுறது) பண்ணிட்டு அடுத்த பாயின்ட்டுக்கு எப்படித் தயாராகுறாங்கன்னு பாக்கச் சொல்லுங்க.

அந்த வாரம் தோதுப்படலன்னா ரெண்டாவது வாரம், ஜூனியர் மேட்ச் நடக்கும். ஃபெடரர் 1998லயும் ஸ்வியான்டெக் 2018லயும் விம்பிள்டன் ஜூனியர் ஜெயிச்சவங்கதான். அவனை விட நாலஞ்சு வயசு பெரிய பசங்க, அவனுக்கு அதுதான் எட்டுற தூரமாத் தெரியும். வீல்சேர் டென்னிஸும் அதே வாரம் இருக்கும், அதையும் விடாதீங்க, பந்து ரெண்டு தடவை குத்தலாம்ங்கிற ஒரு விதியைத் தவிர மத்ததெல்லாம் அதே ஆட்டம்தான்.

கேள்வி: வீட்டுக்காரருக்கு டென்னிஸ்தான் மூச்சு, எனக்கு 15, 30, 40 எதுக்குன்னே புரியாது. கூடப் போய் என்ன பண்ணப் போறேன்?

பதில்: முதல் மேட்ச்சா டபுள்ஸ் பாருங்க மேடம். நாலு பேர், பாயின்ட் சீக்கிரம் முடியும், நெட் பக்கத்துல நின்னு அடிக்கிற வேகத்துல பந்தே கண்ணுக்குத் தெரியாது, நடுவுல ரெண்டு பேரும் காதுல ரகசியம் பேசிக்குவாங்க. சிங்கிள்ஸ் அளவுக்குக் கூட்டம் இருக்காது, முன் வரிசைலயே உக்காரலாம். போபண்ணா 43 வயசுல எப்டனோட சேர்ந்து 2024 ஆஸ்திரேலியன் ஓபன் ஜெயிச்சது டபுள்ஸ்லதான். ஸ்கோருக்கு இவ்வளவு போதும், நாலு பாயின்ட் எடுத்தா ஒரு கேம் (ரெண்டு பேரும் 40ல நின்னா ரெண்டு பாயின்ட் வித்தியாசம் வேணும்), பொதுவா ஆறு கேம் எடுத்தா ஒரு செட், பாக்கியை வீட்டுக்காரர் சொல்லுவார், நிறுத்த மாட்டார். பாயின்ட் நடக்குறப்ப மட்டும் எழுந்து நடக்காதீங்க, பேசாதீங்க, பெரும்பாலும் பிளேயர்ஸ் சைடு மாறுறப்பத்தான் உள்ள வெளிய விடுவாங்க.

கேள்வி: பாரிஸும் விம்பிள்டனும் ஒரே ட்ரிப்ல முடியுமா?

பதில்: முடியும், ஆனா நடுவுல மூணு வாரம் இடைவெளி இருக்கு (2015க்கு முன்னாடி ரெண்டு வாரமா இருந்துச்சு). பாரிஸ் கடைசி நாள்களையும் லண்டன் க்வீன்ஸ் கிளப் டோர்னமென்ட்டையும் சேர்த்துக்கிட்டா செம்மண், புல் ரெண்டையும் பாத்துடலாம், க்வீன்ஸ்ல இடம் சின்னது, பெரிய பிளேயரையே பக்கத்துல பாக்கலாம். விசா தேவைப்படுற பாஸ்போர்ட்னா பாரிஸுக்கு ஷெங்கன், லண்டனுக்கு பிரிட்டன் விசா, ரெண்டும் வேற வேற, ஒண்ணை வச்சு இன்னொண்ணுக்குப் போக முடியாது. ஷெங்கனுக்கு பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடி இருந்தே அப்ளை பண்ணலாம். ரீஃபண்ட் கிடைக்காத ஹோட்டலை விசா கைல வந்தப்புறம் போடுங்க.

கேள்வி: பேக்ல என்னெல்லாம் விடுவாங்க?

பதில்: டோர்னமென்ட்டுக்கு டோர்னமென்ட் மாறும். யூஎஸ் ஓபன்ல முதுகுல மாட்டுற பேக்பேக்கே கூடாது, விம்பிள்டன்ல ஆளுக்கு ஒரு சின்ன பை. நீளமான கேமரா லென்ஸ், செல்ஃபி ஸ்டிக் எல்லாம் கேட்டுலயே நிக்கும். போற வாரம் அவங்க சைட்ல ஒரு தடவை படிச்சுட்டுக் கிளம்புங்க, பவர் பேங்கை மட்டும் மறந்துடாதீங்க, ஏன்னா டிக்கெட்டே இப்ப ஃபோன்லதான் இருக்கு.